எட்டாம் நம்பர் கெபின்

கதவு நிலையின் இடப்பக்கத்தைக் கீழிருந்து மேலாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை தடவியாயிற்று. ஆணி இல்லை. ஒரு சிலாம்புகூட இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் முழங்காலை மாற்றி ஊன்றிக்கொண்டு வலப்பக்கத்தைத் தடவத் தொடங்கினார். அறுபத்திரண்டு வயது முழங்கால் அது. பெரிய வெள்ளிக்கிழமையில்கூட அவர் இவ்வளவு நேரம் முழந்தாளில் நின்றதில்லை.

"மாமா, காணும். எழும்புங்கோ," என்றான் வாசலில் காவல் நின்ற மருமகன் கிளெமென்ற். கப்பல் ஏஜென்சியில் கிளாக்காக இருப்பவன். மாமனாரைத் துறைமுகத்துக்குள் கூட்டிவந்தவனும் அவன்தான். "கப்பல்காரர் ஆரும் வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஆணி தேடுறம் எண்டு சொல்லு."

"கேக்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

கெபினுக்குள் இரண்டு வெறும் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மெத்தை, திரை, கழற்றக்கூடிய மற்றச் சாமான் எல்லாம் கழுவித் துடைக்க வெளியே போயிருந்தன. லேடி எலினோர் என்ற அந்தச் சின்னக் கப்பல் அன்று திங்கட்கிழமை வெயிலில் அசையாமல் நின்றது. இலங்கையைச் சுற்றி வருகிற கப்பல். காலி, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை என்று தொட்டுத் தொட்டு எட்டு நாளில் கொழும்புக்குத் திரும்பிவிடும். வியாழக்கிழமை பின்னேரம் புறப்பாடு. எட்டாம் நம்பர் கெபினில் போவதற்கு ஸ்ரனிஸ்லாஸ் பெயரும் அவர் மனைவி மெற்றில்டா பெயரும் பதிவாகியிருந்தன. மெற்றில்டாவோ கொட்டாஞ்சேனை வீட்டில், மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்தபடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "போய்த் தடவிப் பாத்திட்டு வாங்கோ" என்று அவரை அனுப்பியவளும் அவள்தான்.

ஸ்ரனிஸ்லாஸ் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். நடுத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் துரைமாரையும் நோனாமாரையும் ஏற்றிக்கொண்டுபோய், கப்பல் ஏணியடியில் இறக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டு விடை சொல்லித் திரும்புவார். உலகத்தில் பாதிப்பேரைக் கப்பலேற்றி அனுப்பியவர் என்று பெருமை பேசுவார். தான் ஒருநாளும் ஏறிப் போனதில்லை என்பதை மட்டும் அந்தப் பேச்சில் சேர்க்க மாட்டார்.

மெற்றில்டாவுக்கு அந்த ஏணியடி வரைக்கும்கூடப் போகக் கிடைத்ததில்லை. ஆனால் லேடி எலினோரின் திரைகளைப் பத்தொன்பது வருடமாகத் தைத்தவள் அவள். புழுக்கத்துக்காகக் கெபின் கதவுகளைத் திறந்துவிட்டுத் திரை போட்டிருப்பார்கள். பன்னிரண்டு கெபின், பன்னிரண்டு நீலத் திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கப்பலுக்குத் துணி சப்ளை பண்ணுகிற புறக்கோட்டை றவூப் நானாவின் கடையிலிருந்து திரைகள் மூட்டையாக வரும். தோய்த்து, தைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் நம்பர் போட்டு அனுப்புவாள்.

கார்த்திகை மாதம் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நெஞ்சில் கோளாறு என்றார் டொக்டர். கடற்காற்று கொஞ்சம் சுகம் தரும் என்றும் சொன்னார். அவர் காலிமுகத்திடலை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஸ்ரனிஸ்லாசுக்கோ அது இலங்கையையே சுற்றிவரச் சொன்னதாகக் காதில் விழுந்தது. மெற்றில்டாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, புறப்படுகிற அன்று ரிக்‌ஷோவில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் அவர் திட்டம்.

எந்தக் கெபின் என்பதில் மாட்டுப்பட்டார். கிளெமென்ற் கொண்டுவந்த கப்பல் படத்தில் பன்னிரண்டும் பன்னிரண்டு தீப்பெட்டி போலத்தான் இருந்தன. ஏணியடியோடு திரும்புகிறவருக்கு உள்ளே எது நல்லது என்று எப்படித் தெரியும்? அதைத் தெரிந்த ஆள் கொழும்பில் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குத்தான் சொல்லக்கூடாது. கடைசியில் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு அவளிடமே போனார்.

"இஞ்சேர் மெற்றி, கிளெமென்றின்ரை ஒஃபீசில ஒரு நோனா கேக்கிறாவாம், லேடி எலினோரில எந்தக் கெபின் நல்லது எண்டு. ஒருத்தருக்கும் சொல்லத் தெரியேல்லையாம்."

மெற்றில்டா படத்தைக் கையில் வாங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்டும் ரெண்டும் வேண்டாம். குசினிக்குப் பக்கம். அந்தத் திரை ரெண்டையும் மூண்டு தரம் அவிச்சாலும் வெங்காய மணம் போகாது."

"மூண்டு?"

"மத்தியான வெயில் அடிக்கும். நீலத்துணி ஆறு மாசத்தில சாம்பலாப் போகும். நாலும் அப்பிடித்தான். அஞ்சில தண்ணி ஒழுகும், கீழ்க்கரை முழுக்க இரும்புக் கறள். ஆறு, ஏழு பறவாயில்லை, ஆனால் எஞ்சின் புகை."

"பேந்து?"

"பதினொண்டைக் குடுக்கச் சொல்லுங்கோ. அந்தத் திரையில ஊத்தை இல்லை, மணம் இல்லை. மேல் வளையம் மட்டும் தேஞ்சு வரும். வருசம் முழுக்க நல்ல காத்தில ஆடின துணி அது. நோனா பிள்ளை மாதிரி நித்திரை கொள்ளுவா."

கப்பலில் காலே வைக்காதவள், படுக்கையில் கிடந்துகொண்டு, கப்பலின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். ஸ்ரனிஸ்லாசுக்குப் பெருமை தாங்கவில்லை. கப்டனைக் கேட்டால்கூட இவ்வளவு சொல்லுவானா என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"எட்டு எப்பிடி?"

"எட்டோ?" அவள் கண்ணைத் திறந்தாள். "அதை ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம். அது சனியன் பிடிச்சது."

எட்டாம் நம்பரின் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மூட்டையிலும் எட்டாம் நம்பர் திரை மட்டும் ஒரு சாண் கிழிந்து வரும். எப்போதும் அதே உயரம், அதே கரை. பின்பக்கம் கன்வஸ் வைத்துத் தைத்தாள். இரட்டைத் துணி வைத்தாள். துணியையே மாற்றிப் புதிது வெட்டிப் பார்த்தாள். அவள் தையல் ஒரு நாளும் விட்டதில்லை. தையலுக்குப் பக்கத்தில் துணி கிழிந்திருக்கும். "இந்தா, ஒங்கட எட்டு வந்தீக்கிது" என்று சொல்லிச் சொல்லி மூட்டையை இறக்குவது றவூப் நானாவுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் பகிடிக்குச் சொல்லுவார். மெற்றில்டாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பதினொன்றைப் பதிந்துவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு கிழமை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். புதுப் பெட்டி வாங்கிக் கட்டிலுக்குக் கீழ் தள்ளினார். அவள் கேட்டபோது பெட்டி கிளெமென்றுடையது என்றார். மகள் நேசத்தைக் கொண்டு தாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுவித்தார். கொழும்புப் புழுக்கத்துக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்று அவள் கேட்டதற்கு, மழைக்கு என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தபோது மெற்றில்டாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இனியும் ஒளித்துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. கட்டிலில் இருந்து, கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"பதினொண்டோ எடுத்தனீங்கள்?"

"நீதானே அதை நல்லது எண்டாய்."

"நான் நோனாவுக்கெல்லே சொன்னனான்! எனக்கு எண்டு கேட்டியளோ? எனக்கெண்டால் எட்டைச் சொல்லியிருப்பன்."

"சனியன் பிடிச்சது எண்டாய்."

"அந்தச் சனியனைத்தான் பாக்கவேணும். பத்தொன்பது வருசமா என்ரை துணியைக் கிழிக்கிறது ஆர், எவர் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். காத்து வாங்கவோ நான் கப்பலுக்குப் போறது?"

சந்தோசப்படுத்தப் போனவர் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஆனாலும் அவளுக்கு அப்படிக் கோபம் வந்து கனநாள். அந்தக் கோபத்தில் கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட ஏறியிருந்தது. இன்று காலையில் கிளெமென்ற் போய் மாற்றிவிட்டு வந்தான். "கேட்டு எட்டு எடுத்தவர் ஒருத்தரும் இல்லையாம் மாமா. பெரிய கிளாக் என்னை ரெண்டு தரம் ஏற இறங்கப் பாத்தவர்," என்றான். அதற்குள் மெற்றில்டாவின் மூச்சு இன்னும் மோசமாகியிருந்தது. "வியாழன் வரைக்கும் தாங்கமாட்டன் போலக் கிடக்கு. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. கண்ணை நம்பாதேங்கோ, கையால தடவுங்கோ," என்றாள்.

தடவி முடிந்துவிட்டது. நான்கு பக்கமும் வழவழவென்ற மரம். வெறுங்கையோடு ரிக்‌ஷோவில் திரும்பினார். அவள் கேட்டது ஒரே ஒரு காரியம், அதற்கும் பதில் இல்லை.

வீட்டில் சுவாமியார் தைலம் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் மெற்றில்டா கையை உயர்த்தினாள். செபம் பாதியில் நின்றது.

"என்ன?"

"ஒண்டும் இல்லை மெற்றி. ஒரு ஆணி இல்லை. எல்லா இடமும் தடவிப் பாத்திட்டன்."

அவள் யோசித்தாள். மூச்சு வாங்குவதற்கும் யோசிப்பதற்குமாக அதற்குக் கன நேரம் எடுத்தது.

"கப்பல் நிண்டதோ, ஓடினதோ?"

"நிண்டதுதான். துறைமுகத்தில ஓடுமோ?"

"அதுதான். நிண்டால் என்னத்தைத் தெரியும்? ஓடேக்கையெல்லே கிழியுது." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நீங்களும் நானும் முப்பது வருசமா நிண்ட கப்பலைத்தானே பாத்தனாங்கள்."

ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டினார். மெய்தான். அவர் கைபட்ட கப்பல் எல்லாம் நின்ற கப்பல். நங்கூரம் தூக்கினால் இவர் லோஞ்சைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். துறைமுகத்திலேயே நரைத்த மனிதனுக்குக் கப்பல் ஆடும் என்பது நினைவில் இல்லை. வீட்டைவிட்டு அசையாதவள் அதை எடுத்துச் சொல்கிறாள்.

"நான் இல்லாட்டிலும் நீங்கள் போங்கோ," என்றாள்.

"விசர்க்கதை கதையாதை."

"போய்ப் பாருங்கோ," என்றாள் மறுபடியும். அதன் பிறகு அவள் பேசவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, நேசம் கையில் பிடிப்பித்த மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்க, மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்கமணி அடித்தது. தெருவில் போனவர்கள் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அடக்கம். றவூப் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் தொப்பியோடு நின்றார். பெட்டி வெளியே வந்தபோது பக்கத்தில் நின்ற கிளெமென்றிடம், "தங்கச்சிட கையப் போல ஒரு கைய இனி நான் எங்க போய்த் தேடுற?" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஸ்ரனிஸ்லாசுக்கு அது காதில் விழுந்தது. அவர் நிமிர்ந்து நடந்தார்.

சேமக்காலையில் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்து, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்து அனுப்பிய பின், அவர் கட்டிலுக்குக் கீழிருந்த புதுப் பெட்டியை இழுத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் நேசம்.

"நாளையிண்டைக்குக் கப்பல்."

நேசம் கோப்பை அடுக்கிய தட்டத்தை மேசையில் வைத்தாள். "அம்மாவைத் தாட்ட மண் காயேல்லை. முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் நீங்கள் கப்பல் சவாரி போனால் சனம் என்ன சொல்லும்? அடுத்த மாசமும் கப்பல் ஓடும்தானே?"

"அடுத்த மாசம் போய்ப் பிரயோசனமில்லை." அவர் கட்டிலில் இருந்தார். "போன மாசம் வந்த மூட்டையைப் படுத்த படுக்கையில கிடந்து தைச்சவ. அதுதான் கடைசி. அந்தத் திரையைத்தான் இந்தப் பயணத்துக்குப் புதுசாக் கொழுவுகினம். அது கிழியேக்கை நான் பக்கத்தில நிக்கவேணும். கிழிஞ்ச பிறகு போய் என்னத்தைப் பாக்கிறது? சனம் கேட்டால், அம்மா ஒரு வேலையா அனுப்பினவ எண்டு சொல்லு."

நேசம் கையைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் போனாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். அவள் அவருடைய கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, கைக்குக் கறுப்புப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தாயின் பிள்ளை. தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸ்ரனிஸ்லாஸ் கப்பல் ஏணியில் ஏறினார். கீழே லோஞ்சில் நின்ற பழைய கூட்டாளி, அவர் செய்வது போலவே, தொப்பியைத் தொட்டான். இவர் பதிலுக்குத் தலையசைத்தார்.

எட்டாம் நம்பர் வாசலில் திரை தொங்கியது. நீலம், மூலையில் சிவப்பு நூலில் எட்டு. தைத்த இடத்தைக் கண்ணால் தேடினார், அகப்படவில்லை. விரலால் தடவியபோது பின்பக்கத்துக் கன்வஸ் தட்டுப்பட்டது. கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

கப்பலின் வேலையாள் பீற்றர் வந்தான். நீர்கொழும்புக்காரன், நாற்பது வயதிருக்கும். மேல் கட்டிலுக்கு ஏறுகிற சின்ன மர ஏணியைக் கொண்டுவந்து சுவரில் இருந்த முளையில் மாட்டினான். கட்டிலைப் பிடிப்பதற்கான இரண்டு இரும்புக் கொழுக்கி அதில் நீட்டிக்கொண்டு நின்றன.

"ஐயா தனியவோ? ரெண்டு பேர் எண்டு எழுதியிருக்கு."

"தனியத்தான்."

பீற்றர் கறுப்புப் பட்டியைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பதினொண்டு சும்மா கிடக்கு ஐயா. நல்ல காத்து. மாத்தி விடட்டோ?"

"இது காணும்."

கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியது. தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் கால் பாதத்தில் ஒரு கூச்சம், பிறகு தரை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்ரனிஸ்லாஸ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. கப்பல் மற்றப் பக்கம் சாய்ந்தபோது ஏணி முளையில் தொங்கியபடி ஆடி, ஒரு பாதி வட்டம் போட்டு, வாசல் பக்கம் வந்து திரும்பியது. அடுத்த சாய்வில் கொழுக்கி துணியில் தட்டியது. அதற்கடுத்த சாய்வில் பிடித்துக்கொண்டது. கை நீட்டித் தடுத்திருக்கலாம். ஆர் என்று பார்க்கத்தானே அவள் அனுப்பினாள். அவர் நீட்டவில்லை. கப்பல் திரும்பிச் சாய, சரக்கென்று ஒரு சாண் கிழிந்தது. அவளுடைய தையல் அசையாமல் இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் கிழிந்திருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த பீற்றர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அது எப்பவும் அப்பிடித்தான் ஐயா. மற்றக் கெபினுகளில முளை யன்னல் பக்கம். இதில மட்டும் தச்சன் மறந்துபோய்க் கதவுப் பக்கம் அடிச்சிட்டான்."

"தெரிஞ்சுகொண்டோ விட்டு வைச்சிருக்கிறியள்?"

"கொழும்பில ஒரு கெட்டிக்காரி இருக்கிறா ஐயா. எப்பிடிக் கிழிச்சு அனுப்பினாலும் புதுசு மாதிரித் திரும்பி வரும். அதால ஒருத்தரும் முளையைப் பற்றிக் கவலைப்படுறேல்லை. ஒருநாள் கப்டன் தன்ரை விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டு வந்து, தைச்ச இடத்தைக் கண்டுபிடியுங்கோ பாப்பம் எண்டு பந்தயம் கட்டினவர். ஒருத்தராலும் ஏலேல்லை."

"கப்டனோ?"

"ஓம் ஐயா. வெள்ளைக்காரக் கப்டன். பேர் தெரியாட்டிலும் அவவின்ரை தையலை இந்தக் கப்பலில எல்லாருக்கும் தெரியும்."

ஸ்ரனிஸ்லாஸ் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். சொல்ல வாய் உன்னியது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் அளந்த பெருமையெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? பெயரைச் சொன்னால் பீற்றர் என்ன முகம் காட்டுவான் என்றும் நினைத்துப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"ஒரு துண்டுக் கயிறு கிடைக்குமோ?" என்றார்.

"எதுக்கு ஐயா? கிழிஞ்சால் தைச்சு வரும்தானே."

"இனி வராது."

பீற்றர் அவர் முகத்தைப் பார்த்தான். பார்வை கையிலிருந்த கறுப்புப் பட்டிக்குப் போய்த் திரும்பியது. போய்க் கயிறு கொண்டுவந்தான். ஏணியை அவனே சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஸ்ரனிஸ்லாஸ் லோஞ்சைக் கட்டுகிற முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் இன்னொன்று போட்டார். பிறகு இருவரும் கையை எடுத்துவிட்டு, கப்பல் சாய்வதற்காகக் காத்து நின்றார்கள்.